ரெண்டு கை யூரியா

பெல்ட்டு வாங்கப் போன ஆளு அவ்வளவு சீக்கிரம் வந்துட மாட்டாரு தம்பி. நன்னிலத்துல கெடைக்காது. திருவாரூருக்குத்தான் போவணும். வெயில்ல நிக்காதீங்க, இப்படி மோட்டார் கொட்டகை நெழலுக்கு வாங்க. அந்தச் சாக்க விரிச்சுக்குங்க. ஒங்களுக்கு எந்தூரு? ராசிபுரமா? அவ்வளவு தூரத்துலேருந்து மிஷினை ஏத்திக்கிட்டு இங்க வைக்கோல் கட்ட வர்றீங்க. வேலைன்னா போவத்தான் வேணும். எம்மவன் கத்தார்ல இருக்கான்.

ஒங்ககிட்ட ஒரு ஞாயம் கேக்குறேன். உள்ளூர்ல கேட்டா சிரிக்கிறானுவ, நீங்க வெளியூர் ஆளு, பொதுவா சொல்லுங்க. ஒருத்தர் மேல ஒங்களுக்குக் கோவம் வந்தா என்ன செய்வீங்க? திட்டுவீங்க. ரெண்டு நாளைக்குப் பேசாம இருப்பீங்க. அப்புறம் சரியாப் போயிடும். அதானே மனுஷங்க பழக்கம்? ஒரு வார்த்த திட்டாம, மொகத்த சுளிக்காம, ‘செரி’ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனா அதுக்கு என்ன அர்த்தம்? அதத்தான் ஒரு வருஷமா நெனச்சுப் பாக்குறேன். புடிபடல.

போன வருஷம் சம்பாவுல நடந்தது இது. ஆடி மாசம் ஒரு ஜீப்பு வந்து இந்த மதகுகிட்ட நின்னுச்சு. அதுலேருந்து ஒரு பொண்ணு எறங்குச்சு. பேரு ஷெர்லின். முப்பது, முப்பத்திரெண்டு வயசு இருக்கும். நாகர்கோவில் பக்கம். நெல்லு ஆராய்ச்சி பண்ற எடத்துல வேலை, டாக்டர் பட்டம் வாங்குன புள்ள. கூட ரெண்டு ஆளுங்க. ஒரு போகத்துக்கு வயலு வேணும், ஆராய்ச்சி பண்ணணும்னு கேட்டுச்சு. எனக்கு முன்னாடி நாலஞ்சு பேருகிட்ட கேட்டுருக்கு. யாரும் தரல. அடுத்த வயக்காரன் ராமாமிர்தம் என்ன சொன்னான் தெரியுமா, கேஸ் அடிச்சு மண்ணக் கொன்னுடுவாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டான். நான் கொடுத்தேன். ரோட்டோரம் இருக்கு, கரண்டு இருக்கு, தண்ணி வசதி இருக்கு, அதனால கொடுத்தேன். என் சம்சாரம் தையல்நாயகி அந்தப் பங்குனியிலதான் தவறிப் போயிருந்துச்சு. ஆனா வீட்டுல ஆளில்லாத கொறைக்குக் கொடுத்தேன்னு ராமாமிர்தம் சொல்லுவான். அதெல்லாம் நம்பாதீங்க. எனக்குத் தனியா இருக்குறது ஒண்ணும் கஷ்டமில்ல. டீவி இருக்கு.

அது என்ன ஆராய்ச்சின்னா, காத்துல கரிக்காத்து கூடிக்கிட்டே போவுதாம். கார்பன்னு சொல்லும் அந்தப் புள்ள. வண்டிப் பொகை, ஆலைப் பொகை எல்லாம் சேந்து, வருஷத்துக்கு வருஷம் ஏறுது. இன்னும் அம்பது வருஷத்துல காத்து எப்படி இருக்குமோ, அந்தக் காத்த இப்பவே கொண்டாந்து நெல்லுக்குக் கொடுத்துப் பாக்கணும். அதுக்காக வயல்ல வட்டவட்டமா கூண்டு கட்டுனாங்க. இரும்புக் கம்பி நட்டு, சுத்தி கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாளு. மேல தெறப்பு. ஆளு உள்ள போயி நிக்கலாம், அவ்வளவு ஒசரம். எட்டுக் கூண்டு. நாலுல பொழுது விடிஞ்சதும் சிலிண்டரத் தொறந்து கேஸ் வுடுவாங்க, பொழுது சாஞ்சா மூடிடுவாங்க. மத்த நாலுல சும்மா நம்ம காத்துதான்.

அம்பது வருஷம் கழிச்சு வர்ற காத்த அந்தப் புள்ள கொண்டாந்து எங்க வயல்ல வுட்டுச்சு தம்பி. அம்பது வருஷம் கழிச்சு இந்த ஊருல நாத்துப் பறிக்க யாரு இருப்பாங்கன்னு நான் கேக்கல. கேட்டா அதுக்கும் ஏதாச்சும் ஒரு கணக்கு வச்சிருக்கும்.

வெறும் காத்த மட்டும் பாக்கல. யூரியாவையும் சேத்துப் பாத்துச்சு. கரிக்காத்து கூடுனா பயிரு வேகமா வளருமாம், தூரு கூடுமாம், வைக்கோல் கூடுமாம். நல்லதுதானேன்னேன். இல்ல மாமா, வயிறு பெருசாச்சு, சோத்துக்கு எங்க போவும்னுச்சு. மண்ணுல தழைச்சத்து இல்லன்னா பாதியில நின்னுடும். நின்னுடுமேன்னு மூட்டை மூட்டையா யூரியாவ அள்ளிக் கொட்டுனா, தண்டு நீண்டு சாஞ்சுடும், பூச்சி வுழும், வாய்க்கா தண்ணி கெட்டுடும், அந்த யூரியாவே திரும்ப காத்துல கலந்து இன்னும் சூட்ட கூட்டும். இதுல நடுவுல இன்னொண்ணு. கரிக்காத்துல வெளைஞ்ச அரிசி பாக்க நல்லாத்தான் இருக்கும், உள்ள சத்து கொறைஞ்சு போவும். அப்ப வருங்காலத்துல எவ்வளவு யூரியா போட்டா போதும், எதுக்கு மேல போட்டா வீணு? அதக் கண்டுபுடிக்கணும். அதுக்காக பாதிக் கூண்டுல யூரியா போட்டாங்க. பாதிக் கூண்டுல ஒரு பொட்டு கூடப் போடல. போடாத பயிரு இருந்தாத்தான் போட்ட பயிர எதோடயாச்சும் ஒப்பிட்டுப் பாக்க முடியும்னுச்சு. இதெல்லாம் எனக்கு வெளங்குச்சு. வெளங்காம இல்ல.

என்னைய மாமான்னுதான் கூப்புடும். முதல்ல ஐயான்னுச்சு. ஒரு நாள் மத்தியானம் மழை புடிச்சுக்கிட்டதுன்னு வீட்டுல வந்து சாப்புட்டுச்சு. அன்னையிலேருந்து மாமா. அது பேசுற பேச்சே ஒரு தினுசா இருக்கும். ‘எனக்க பயிரு’ன்னு சொல்லும். என் பயிருங்கிறத அவங்க ஊருல அப்படித்தான் சொல்லுவாங்களாம். ‘எனக்க பயிரு எப்பிடி மாமா இருக்கு’ன்னு காலையில ஜீப்பு விட்டு எறங்கையிலயே கேக்கும். நான் மடையில நின்னுக்கிட்டு, ஒனக்க பயிரு நல்லா இருக்கு, எனக்க பயிருதான் தண்ணிக்குக் காத்துக்கெடக்குன்னு சொல்லுவேன். சிரிக்கும்.

தினம் நன்னிலத்துல ரூம்புலேருந்து வரும். ஏழு மணிக்கெல்லாம் வந்துடும். கூண்டு கூண்டாப் போயி தூரு எண்ணும், ஒசரம் அளக்கும். கிளிப்பு மாதிரி ஒண்ணு வச்சிருக்கும், இலையக் கடிச்சுப் புடிக்கும், பச்சை எவ்வளவுன்னு நம்பர் காட்டும். சேத்துல எறங்க அதுக்குக் கூச்சமே கெடையாது. மத்தியானம் எங்க வீட்டுலதான் சாப்பாடு. நான்தான் சமைப்பேன். எனக்கு வத்தக்குழம்பும் ரசமும்தான் வரும். ஒரு நாளு அது வந்து அடுப்படியில நின்னு, தேங்கா அரைச்சு வுட்டு மீன் கொழம்பு வச்சுக் காட்டுச்சு. அவங்க அம்மாவுக்குப் போனப் போட்டு, மாமாட்ட பேசுன்னு கொடுத்துச்சு. அந்தம்மா என்ன பேசுனாங்கன்னு பாதி வெளங்கல. சரிங்க, சரிங்கன்னு சொல்லி வச்சுட்டேன்.

எம்மவன்கிட்ட வெள்ளிக்கெழம பேசுறப்ப இதெல்லாம் சொல்லுவேன். கேட்டுக்கிட்டே இருப்பான். அப்புறம், நெலத்த வித்துட்டு சென்னையில ஒரு பிளாட்டு வாங்கிடலாம்பான்னு சொல்லுவான். அவன் சொல்றதும் ஞாயம்தான். யாரு இருக்கா அங்கன்னு கேட்டா, இங்க மட்டும் யாரு இருக்கான்னு கேப்பான்.

ஐப்பசி கடைசியில பொயலு வந்துச்சு. ரெண்டு நாளைக்கு முன்னாடியே டீவில சொல்லிட்டாங்க. ஆபீஸ்ல எல்லாரையும் திரும்பி வரச் சொல்லிட்டாங்கன்னு அந்தப் புள்ள கெளம்பிப் போயிடுச்சு. போறப்ப சிலிண்டரையெல்லாம் மூடி கட்டிப் போட்டுட்டுப் போனாங்க. மறுநாள் காலையில காத்து எடுக்குறப்ப போன் பண்ணுச்சு. மாமா, நீங்க வெளிய போவாண்டாம், கூண்டு போனா போகட்டும், வீட்டுலயே இருங்கன்னுச்சு. கொரலு நடுங்குனிச்சு. கூண்ட நெனச்சுத்தான் நடுங்குது, பாவம், வாய்விட்டுக் கேக்க மாட்டேங்குதுன்னு எனக்குத் தோணுச்சு. தார்ப்பாயத் தலையில போட்டுக்கிட்டு வந்துட்டேன்.

வந்து பாத்தா, தாளெல்லாம் பட்டம் மாதிரி அடிச்சுக்கிட்டு கெடக்கு. கயிறு எடுத்துக் கம்பிக்குக் கம்பி கட்டுனேன். மூங்கில் முளை அடிச்சேன். ஒரு கூண்டுத் தாளு பாதிக்குக் கிழிஞ்சுருச்சு, அத நான் உடம்பால அணைச்சுக்கிட்டு நின்னேன், காத்து கொஞ்சம் அடங்குற வரைக்கும். மழை மொகத்துல சுள்ளுசுள்ளுன்னு அடிக்குது. சாய்ஞ்சரம் கோணி ஊசியால அந்தக் கிழிசலத் தச்சேன். எட்டும் நின்னுச்சு தம்பி. ஊருல பாதி ஓட்டு வீட்டுல ஓடு இல்ல, எங்க கூண்டு எட்டும் நின்னுச்சு.

அதுக்கப்புறம் ரோட்டுல தண்ணி. பாலம் ஒண்ணு உள்வாங்கிருச்சுன்னு பஸ்ஸு வரல. அந்தப் புள்ளயால ரெண்டு வாரத்துக்கு மேல வர முடியல. கரண்டும் இல்ல, போன்ல சார்ஜும் இல்ல. யாரும் வரல, போவல. நான் காலையில வந்து இங்க உக்காந்துப்பேன். சிலிண்டரத் தொறந்தா ஒரு உஸ்ஸுன்னு சத்தம் வரும், பொழுதன்னிக்கும் கேட்டுக்கிட்டே இருக்கும். அந்தச் சத்தமும் இல்ல. நான் அதத் தொறக்கல, தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்துச்சு. சொன்னத மீற மாட்டேன் நான்.

தண்ணி வடிஞ்சதும் ஊருல எல்லாரும் யூரியா போட்டாங்க. வெள்ளத்துல முங்குன பயிருக்கு அதான வழக்கம். நாலு நாள்ல சுத்துப்பட்டு வயலெல்லாம் கருகருன்னு ஆயிடுச்சு. நானும் வெளிவயலுக்குப் போட்டேன். யூரியா போடாத கூண்டு நாலுல, ரெண்டு ரோட்டோரமா இருந்துச்சு. அந்த ரெண்டும் மஞ்சளா, சோகை புடிச்ச மாதிரி நின்னுச்சு. கண்ணாடித் தாளு வேற, உள்ள இருக்குறது ரோட்டுல போறவன் எல்லாத்துக்கும் தெரியுது. பால்காரன் வண்டிய நிறுத்திப் பாக்குறான். ஸ்கூல் வேன்காரன் பாக்குறான். ராமாமிர்தம் மதகுல உக்காந்துக்கிட்டு, நாலு பேரு கேக்குற மாதிரி சொன்னான்: “அந்தம்மா போனதோட உத்திராபதி வயலும் போச்சுடா.”

என் பேரு உத்திராபதி. சொல்லலையா முன்னாடி?

அத எப்படித் தாங்குறது சொல்லுங்க. நாப்பது வருஷமா நானும் தையல்நாயகியுமாப் பாத்த வயலு. யூரியா வெதைக்கறதுன்னா அவதான் வெதைப்பா. அவ கை வீச்சுல ஒரு எடம் திட்டா இருக்காது, ஒரு எடம் விட்டுப் போவாது. இதே ரோட்டுல போறவங்க நின்னு பாத்துட்டுப் போன பயிரு. இப்ப அதே ரோட்டுல நிக்கிறானுவ, வேற காரணத்துக்கு. ஆராய்ச்சிடா, வேணும்னுதான் போடாம வுட்டுருக்குன்னு சொல்லிப் பாத்தேன். சிரிச்சாங்க. வயலப் பட்டினி போடுறதுக்குப் பேரு ஆராய்ச்சியான்னாங்க.

மறுநாள் காலையில மிச்சமிருந்த யூரியாவுல ஒரு கூண்டுக்கு ரெண்டு கை போட்டேன். ரோட்டோரம் இருந்த ரெண்டுலயும். ரெண்டே கை. அதுக்கு மேல போடல. உள்பக்கம் இருந்த ரெண்டுல கையே வைக்கல, அதுவும் வெளிறித்தான் கெடந்துச்சு, ஆனா ரோட்டுலேருந்து தெரியாது. அதனால வைக்கல. ஒருத்தங்க நம்பி வுட்டுட்டுப் போயிருக்கையில, தேவைக்கு மேல கை வைக்கிறது தப்பில்லையா.

அந்தப் புள்ள வந்துச்சு. ரோட்டுலேருந்தே எட்டுக் கூண்டையும் பாத்துட்டு ஜீப்பு நிக்கறதுக்குள்ள எறங்கி ஓடியாந்துச்சு. நான் தச்ச தையலத் தடவிப் பாத்துச்சு. கண்ணுல தண்ணி. என்னத்துக்கு மாமா வெளிய வந்திய, ஒங்களுக்கு ஏதாவது ஆயிருந்தான்னு கேட்டுச்சு. சும்மாதான் வந்தேன்னேன். அதோட ஆளுங்ககிட்ட, மாமா இருக்கச்சுல எனக்கு ஒரு பயமும் இல்லன்னு சொல்லுச்சு. இத என் காதால கேட்டேன்.

அப்புறம் கிளிப்ப எடுத்துக்கிட்டு கூண்டுக்குள்ள போச்சு. ரோட்டோரக் கூண்டுல ரொம்ப நேரம் நின்னுச்சு. வெளிய வந்துச்சு, திரும்ப உள்ள போச்சு. அந்த ரெண்டு கூண்டும் கேஸ் வுடுற கூண்டு. அது எனக்குத் தெரியும், ஆனா போடுறப்ப அத நான் நெனைக்கல. நான் பாத்தது ரோட்ட மட்டும்தான். கேஸ் கொடுத்து யூரியா கொடுக்காத கூண்டு ரெண்டும் பச்சையேறி நிக்குது. கேஸும் இல்லாம யூரியாவும் இல்லாதது ரெண்டும் மஞ்சளாவே கெடக்கு. இத வச்சுக்கிட்டு அந்தப் புள்ள என்ன நெனச்சுச்சுன்னா, கரிக்காத்து கூடுன எடத்துல, வெள்ளம் வந்து போனதும், பயிரு மண்ணுலேருந்து தானாவே சத்த எப்படியோ தேடி எடுத்துக்குதுன்னு நெனச்சுச்சு. வேருல ஏதோ நடக்குது மாமா, இத இதுக்கு முன்ன யாரும் பாத்ததில்லன்னுச்சு. வரப்புல நின்னுக்கிட்டே அதோட பெரிய சாருக்குப் போன் போட்டுச்சு. பேசுறப்ப ஒரு கால்ல நிக்குது, அப்புறம் இன்னொரு கால்ல நிக்குது. சின்னப் புள்ளைங்க நிக்குமே, அப்படி.

எனக்கு என்ன தோணும் சொல்லுங்க. அவ்வளவு சந்தோஷமா இருக்குற புள்ளகிட்ட குறுக்கப் போயி பேசறதா? அது என்கிட்ட கேக்கவும் இல்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். எல்லாக் கூண்டுலயுந்தானே வெள்ளம் பூந்துச்சு, இதுல மட்டும் ஏன்னு ஒரு தடவ தனக்குத் தானே கேட்டுக்கிட்டுச்சு. எனக்கென்ன தெரியும்னு இருந்துட்டேன்.

அதுலேருந்து அது இங்க இருக்குற நேரம் கூடிப் போச்சு. முன்னெல்லாம் மூணு மணிக்குக் கெளம்பும், இப்ப இருட்டுற வரைக்கும் இருக்கும். வேரத் தோண்டும், மண்ணெடுக்கும், கழுவும், டப்பாவுல போடும். ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போயிட்டு நேரா இங்க வந்துடும். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போவல தம்பி. அவங்க அம்மா போன்ல அழுதாங்க. இது, பயிரு பால் புடிக்கிற சமயம், விட்டுட்டு வரமுடியாதுன்னு சொல்லிடுச்சு. அன்னைக்கு மதியம் எங்க வீட்டுலதான் சாப்புட்டுச்சு. கேக்கு வாங்கியாந்துச்சு. நான் பாயசம் வச்சேன், கொஞ்சம் அடிபுடிச்சுப் போச்சு. தையல்நாயகி போனதுக்கப்புறம் அந்த வீட்டுல ஒருத்தர் சத்தம் போட்டுச் சிரிச்சது அன்னைக்குத்தான். தன்னோட வேலை நெலை இல்லாத வேலை, ஒவ்வொரு வருஷமும் நீட்டித்தான் கொடுக்குறாங்க, இந்த ஆராய்ச்சி எடுபட்டா நெலையாயிடும்னு அன்னைக்குத்தான் சொல்லுச்சு. டெல்லியில பெரிய கூட்டத்துல இந்த ரெண்டு கூண்டப் பத்திப் பேசப் போறதாவும் சொல்லுச்சு. நல்லா பேசும்மான்னு சொன்னேன்.

அறுப்பு அன்னைக்குப் பெரிய சாரு வந்தாரு. வயசான மனுஷன், தொப்பி போட்டுக்கிட்டு, ரொம்பத் தன்மையான ஆளு. காருக்குப் பின்னாலயே ஊரு ஆளுங்களும் வந்துட்டாங்க. ராமாமிர்தமும் வந்து நின்னான். பெரிய சாரு ரெண்டு கூண்டையும் சுத்திப் பாத்துட்டு, என் கையப் புடிச்சுக்கிட்டாரு. எல்லாரு முன்னாலயும் சொன்னாரு, ஒங்க வயல்ல ஒரு அதிசயம் நடந்திருக்கு, இந்தப் பயிரு ஒண்ணுமே போடாம தன்னால பொழைச்சிருக்குன்னு.

ஒண்ணுமே போடாம. ராமாமிர்தம் என்னையப் பாக்குறான். ஒண்ணுமே போடாத வயலுக்குச் சொந்தக்காரன்னு என்னையக் காட்டுறாங்க. எனக்கு அது சரியாப் படல. அவ்வளவு பொயல்ல நின்னு காப்பாத்துனவன், வெளிறிப் போன பயிரத் தேத்தி எடுத்தவன் நான். பேரு காத்துக்குப் போவுது.

“அதிசயமெல்லாம் இல்லைங்க,” ன்னேன். “ரெண்டு கை யூரியா போட்டேன். ஒரு விவசாயி கண்ணால பாத்துக்கிட்டு எப்படிச் சும்மா இருப்பான்?”

பாராட்டுவாங்கன்னு நெனச்சேன் தம்பி. பொய் சொல்லல. அந்தப் புள்ள சிரிக்கும், இந்த மாமா இருக்காரேன்னு எதாச்சும் சொல்லும்னு நெனச்சேன். பெரிய சாரு என் கைய விட்டாரு. மெதுவாத்தான் விட்டாரு. இங்கிலீஷ்ல ஏதோ கேட்டாரு அதுகிட்ட. அது திரும்பி என்னையப் பாத்துச்சு.

“எந்தக் கூண்டு மாமா?”

காட்டுனேன். இது ரெண்டுன்னு.

“அந்த ரெண்டுல?”

அதுல போடலம்மா, அது ரோட்டுலேருந்து தெரியாதேன்னேன்.

செரின்னுச்சு. அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்ததான். இந்த மோட்டாரு தண்ணி கொட்டுது பாருங்க, இங்க வந்து மொகத்தக் கழுவிக்கிட்டுச்சு. கழுவுச்சு, கழுவுச்சு, கழுவிக்கிட்டே இருந்துச்சு. நான் பக்கத்துல போயி, டெல்லி கூட்டத்துக்கு நானும் வேணா வந்து சொல்றேம்மா, ரெண்டே கைதான்னுன்னேன். அது தலைய ஆட்டுச்சு. “ஒரு வருஷம், மாமா,” ன்னுச்சு.

அறுப்பு நடந்துச்சு. அதோட ஆளுங்க மத்த ஆறு கூண்டுலயும் அறுத்துக் கட்டி, சீட்டு போட்டு ஜீப்புல ஏத்துனாங்க. ரோட்டோரத்து ரெண்டையும் அறுத்து வரப்புலயே போட்டுட்டாங்க. மறுநாள் கம்பி, தாளு, சிலிண்டரு எல்லாத்தையும் லாரியில ஏத்திட்டாங்க. போறப்ப வீட்டுக்கு வந்து, வாறேன் மாமான்னுச்சு. சாப்புட்டுட்டுப் போம்மான்னேன். நேரமாச்சுன்னுச்சு. காலையில பத்து மணிதான் இருக்கும் அப்ப.

நீங்களே சொல்லுங்க. திட்டியிருக்கணுமா இல்லையா? என் சம்சாரம்னா, பாவி மனுஷா, படிச்ச புள்ள பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேன்னு கத்தியிருப்பா. அப்புறம் சோத்தப் போட்டுருப்பா. அதுல ஒரு உறவு இருக்கு. இது என்ன?

சித்திரையில நான் அவங்க ஆபீசுக்குப் போனேன். பஸ்ஸு மாறி மாறித்தான் போவணும். கொஞ்சம் முருங்கைக்கா, ஒரு பலாப்பழம் எடுத்துக்கிட்டுப் போனேன். வாசல்ல உக்கார வச்சாங்க. அந்தப் புள்ள வந்துச்சு. மெலிஞ்சு போயிருந்துச்சு. டீ வாங்கிக் கொடுத்துச்சு. நல்லாத்தான் பேசுச்சு, மழை உண்டா, மகன் வந்தாரான்னெல்லாம் கேட்டுச்சு. ஐயான்னுதான் கூப்புட்டுச்சு. ஆபீசு இல்லையா, அங்க மாமான்னா நல்லா இருக்காது. பேச்சும் நம்ம பக்கத்துப் பேச்சு மாதிரி ஆயிருந்துச்சு. இந்த வருஷமும் நம்ம வயல்லயே கூண்டு போடும்மா, யார் சிரிச்சாலும் நான் கவலப்பட மாட்டேன்னு சொன்னேன். பாக்கலாம் ஐயான்னுச்சு. பலாப்பழத்த வாங்கிக்கிட்டுச்சு. உள்ள கூப்புட்டாங்கன்னு போயிடுச்சு. நான் டீயக் குடிச்சு முடிச்சுட்டு, கொஞ்ச நேரம் இருந்துட்டு, பஸ்ஸு ஏறிட்டேன்.

இந்த வருஷ ஆராய்ச்சிய வேற எங்கயோ, வேலி போட்ட ஆபீசு நெலத்துலயே வச்சுட்டாங்களாம். சிலிண்டரு ஏத்துற ஆளு ஒரு நாளு இந்தப் பக்கம் போனப்ப சொன்னாரு.

சரி, அதுக்காக நான் சும்மா இருந்துட முடியுமா? இந்த வருஷம் நடவு முடிஞ்சதும் நான் ஒரு காரியம் பண்ணேன். அதோ பாருங்க, அறுத்த வயலுக்கு நடுவுல ரோட்டோரமா ரெண்டு வட்டம் அறுக்காம நிக்குது, தெரியுதா? அறுப்பு மிஷின்காரர்கிட்ட சொல்லி அத மட்டும் சுத்திப் போகச் சொன்னேன். போன வருஷம் கூண்டு இருந்த அதே எடம். கம்பு நட்டு, கயிறு கட்டி, மண்ணு அணைச்சு, வெளித்தண்ணி உள்ள வராம பண்ணி, அந்த ரெண்டுக்குள்ள மட்டும் ஒரு பொட்டு யூரியா போடல. சுத்தி எல்லாம் கருகருன்னு நின்னுச்சு, அது ரெண்டும் தேமல் மாதிரி வெளிறி நின்னுச்சு. ராமாமிர்தம் என்னென்ன சொன்னான் தெரியுமா. பால்காரன் ரெண்டு தடவ கேட்டான், ஒடம்புக்கு ஏதாச்சுமான்னு. எம்மவனுக்கே யாரோ படம் புடிச்சு அனுப்பிட்டாங்க, அவன் போன்ல சத்தம் போட்டான். ஒரு கை அள்ளிப் போடுறது எவ்வளவு நேரம்? மூட்டையும் இங்கதான் இருந்துச்சு, இந்தக் கொட்டகையில, நீங்க உக்காந்திருக்குற எடத்துல. போடல தம்பி. பயிரு சின்னதாவே இருந்துச்சு, கதிரு சின்னதாவே வந்துச்சு, பாத்துக்கிட்டே இருந்தேன். போடல.

கதிரு முத்துனதும் அதுக்குப் போன் பண்ணேன். ரெண்டு மூணு தடவ எடுக்கல. அப்புறம் ஒரு நாளு எடுத்துச்சு. ஹைதராபாத்துக்கு வேலை மாறிப் போயிடுச்சாம். இந்த ஆராய்ச்சிய இனிமே வேற ஆளு பாக்குறாங்களாம். நான் சொன்னேன், ரெண்டு வட்டத்துலயும் ஒண்ணுமே போடல, ஒனக்காக வச்சிருக்கேன், வந்து அளந்து எடுத்துக்கன்னு.

அதுக்கு அது சொல்லுச்சு: “கேஸ் இல்லாம, அளவு எடுக்காம, அது வெறும் பயிருதான் ஐயா. அறுத்துடுங்க. நெல்லு கொட்டிடும்.”

அது சரிதான். முத்திப் போச்சு. தெனம் கொஞ்சம் கொட்டுது. குருவி வருது. அறுக்கணும், அறுக்கலாம்தான். ஹைதராபாத்துலேருந்து அவங்க ஊருக்குப் போற ரயிலு இந்தப் பக்கமா வராதுதான், ஆனா லீவுக்கோ எதுக்கோ வர்றப்ப மனசு மாறி எறங்கிடுச்சுன்னு வைங்க. அப்ப ஒண்ணும் இல்லாம நிக்கக் கூடாதுல்ல.

அந்தா வர்றாரு ஒங்க ஆளு. பெல்ட்டு கையில இருக்கு. மாட்டச் சொல்லுங்க, பொழுது இருக்கு, கட்டி முடிச்சுடலாம். ஒண்ணே ஒண்ணு தம்பி. மிஷினு சுத்துறப்ப ஒங்க டிரைவருக்கு அந்த ரெண்டும் கண்ணுக்குத் தெரியாமப் போயிடப் போவுது, வைக்கோலோட வைக்கோலா ஒரே நெறமா இருக்கு. நீங்க ஆரம்பிங்க. நான் போயி அதுல நின்னுக்கிறேன்.